அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்

உச்சியக்காவுக்கு வேலை நாட்களில் தண்ணீர் என்றாலே ஆகாது. காலை ஐந்தரைக்கு ஒரு டீ குடித்தால் அதோடு சரி. மாலை ஐந்து மணி வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. விரதமா என்று கேட்காதீர்கள். அவள் கிரேன் ஓட்டுகிறவள். உட்கார்ந்திருப்பது தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். கழிவறை இருப்பது கீழே, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால். நடுவில் இருநூறு படி இரும்பு ஏணி. ஆண்கள் ஒரு காலி பாட்டிலை மேலே கொண்டுபோய்ச் சிறிய காரியத்தை முடித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளை என்ன செய்வாள்? குடிக்காமல் இருப்பாள். பதினொரு வருஷமாக அப்படித்தான் இருந்தாள், அதில் பெருமை வேறு. ஒரு தடவை ஏறினால் ஒரு தடவைதான் இறங்குவேன் என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

அந்தக் கூண்டு அவளுக்கு அவ்வளவு இஷ்டம். இரண்டு கைப்பிடியும் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தன. கட்டடம் ஒவ்வொரு தளமாக எழும்பி வருவதை அவளைப் போலப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வீட்டுக் கவலை, ஊர்வம்பு ஒன்றும் அந்த உயரத்துக்கு ஏறி வராது.

அதற்குத்தான் ஒரு நாள் வேட்டு வைத்தார்கள். அலுவலகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கூண்டில் யாராவது மயங்கி விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்குவதற்குப் புதுக் கருவி வாங்கியிருக்கிறார்களாம். அது நூறு கிலோ வரைதான் தாங்குமாம். எட்டு வாரத்தில் மருத்துவப் பரிசோதனை. நூறைத் தாண்டுகிறவர்களுக்குக் கீழே கிடங்கில் வேலை. கிடங்கு வேலை என்றால் ஜன்னல் இல்லாத அறையில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பது.

உச்சியக்கா அன்று சாயங்காலமே எடை பார்த்தாள். நூற்றாறு.

வாயைக் கட்ட ஆரம்பித்தாள். காலையில் ஒரு முட்டை, மதியம் ஒரு துண்டு ரொட்டி, ராத்திரி காய்கறி சூப். மூன்று வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது, அப்புறம் முள் அசையவே இல்லை. எடையும் நின்றது, இன்னொன்றும் நின்றது. வாயைக் கட்டினவளின் வயிறு தானாகவே கட்டிக்கொண்டது. தினமும் காலையில் குளியலறைக்குள் போய் அரை மணி நேரம் தவம் இருந்துவிட்டு வெறும் கையோடு வெளியே வருவாள். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற அவள் கணவர் வெளியே துண்டோடு நின்று, வேலைக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து வரும் பதிலை இங்கே எழுத முடியாது.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. நாத்தனார் மருந்துக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். மறுநாளே ஒரு டப்பா நார்ச்சத்துப் பொடியோடு வந்துவிட்டாள். சாப்பாட்டைக் குறைத்தால் நாரும் குறையும், அதனால்தான் வயிறு முரண்டு பிடிக்கிறது, இந்தப் பொடி அதைச் சரிக்கட்டும், பசியையும் அடக்கும் என்று விளக்கினாள். கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அண்ணி, பொடி போட்டா தண்ணி நிறைய குடிக்கணும். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். மறந்துடாதீங்க."

மறப்பாளா உச்சியக்கா? எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. எட்டு என்றால் எட்டு. காலை ஐந்தரைக்கு ஒரு கரண்டி பொடியை வாயில் போட்டு, இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஏணி ஏறினாள். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்ததும் டம்ளரை வரிசையாக வைத்து எட்டையும் மடமடவென்று குடித்தாள். கணக்கு நேராகிவிட்டது என்று அவளுக்குத் திருப்தி. மூன்றாம் நாளும் பலன் தெரியாததால் பொடியை இரண்டு கரண்டியாக்கினாள். போதாக்குறைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டு ஐந்து தடவை எழுந்தாள்.

ஆறாம் நாள் காலை பத்தரை மணி. ஒன்பதாம் தளத்துக்கு இரும்புக் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி ஒரு வலி. கண் இருண்டது, நெற்றியில் குப்பென்று வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியை நடுங்கவிடாமல் பிடித்து, கம்பிக்கட்டை மெதுவாகத் தரைக்கே இறக்கி வைத்தாள். கொக்கி விடுபட்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

வாக்கிடாக்கியில் எஞ்சினியர் கத்தினார். கம்பி ஏன் திரும்பக் கீழே வந்தது, மேலே ஆட்கள் காத்திருக்கிறார்கள், மோட்டாரில் கோளாறா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும். அவளுக்கு அது தோன்றாமலில்லை. ஆனால் மோட்டார் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், நாள் பூராவும் கிரேன் நிற்கும், ஒரு பாவமும் அறியாத மெக்கானிக் திட்டு வாங்குவான். தவிர, இந்த வலியோடு தனியாக ஏணியில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அந்த அலைவரிசையில் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நன்றாகத் தெரியும். பொத்தானை அமுக்கினாள்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் ஒரு வாரமா வெளிக்குப் போகல. வயிறு பிடிச்சு இழுக்குது. நான் கீழ இறங்கணும்."

நாற்பது கருவிகளிலும் சத்தமே இல்லை. சுத்தியல் தட்டுவதுகூட நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள். யாராவது ஒருத்தன் சிரித்திருந்தால் அவள் அன்றைக்கே கிடங்குக்கு எழுதிக் கொடுத்திருப்பாள். சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ப்பக்கத்துக் கிரேனில் இருக்கும் மீசைக்காரர் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, எனக்கும் மூணு வருஷமா இதே பாடுதான். மூலம்னு டாக்டர் சொல்லிட்டாரு. யார்கிட்டயும் சொல்லல."

கீழே நின்று சைகை காட்டும் விசில்காரர் ஏணி அடியில் ஓடிவந்து நின்றார். பாதுகாப்புக் கொக்கியை மாட்டச் சொன்னார், ஒவ்வொரு தட்டிலும் உட்காரச் சொன்னார். மூன்றாம் தட்டு வந்துவிட்டது, இன்னும் ஏழுதான், அவசரம் இல்லை, கீழே யாரும் ஓடிப்போகப் போவதில்லை என்று கருவியில் பேசிக்கொண்டே அவளை இறக்கினார். கடைசிப் படியில் கால் வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

முதலுதவி அறை ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்த நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, காற்றுப் பிரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொஞ்சம் முகம் தெளிந்தாள். வலி கூடினாலோ வாந்தி வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று எச்சரித்தாள். தினமும் இரண்டு கரண்டி நார்ச்சத்துப் பொடி சாப்பிடுவதாக உச்சியக்கா சொன்னதும் விசாரணை ஆரம்பித்தது.

"பொடி எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"அஞ்சரைக்கு."

"தண்ணி?"

"எட்டு டம்ளர். ஒண்ணு குறையமாட்டேன்."

"அது சரி, எத்தனை மணிக்கு?"

"அதுவும் அஞ்சரைக்குத்தான். சாயங்காலம்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய், மருந்து அலமாரியில் இருந்த அதே மாதிரிப் பொடியை ஒரு காகிதக் கோப்பையில் இரண்டு கரண்டி கொட்டி, இரண்டு மடக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி மேஜைமேல் வைத்தாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது விழவில்லை. இன்னொரு கோப்பையில் அரைக் கரண்டி பொடியைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டாள். அது வழுவழுவென்று ஓடியது.

உச்சியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாகக் கான்கிரீட் தூக்குகிறவள். தண்ணீர் பத்தாத கலவை குழாயில் அடைத்துக்கொண்டால் என்ன ரகளை நடக்கும் என்று கரைத்துக் குடித்தவள். காலையில் கலவையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை சாயங்காலம் ஊற்றுகிறேன் என்று எந்தக் கொத்தனாராவது சொன்னால் கூண்டிலிருந்தே திட்டித் தீர்த்திருப்பாள். அதே காரியத்தைத் தன் வயிற்றுக்குள் ஆறு நாள் செய்திருக்கிறாள்.

இப்போதைக்குப் பொடி வேண்டாம், வயிறு இளகட்டும், அப்புறம் அரைக் கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், பொடியோடு ஒரு முழு டம்ளர், மிச்சத் தண்ணீர் நாள் முழுக்கப் பரவலாக, ரொட்டியோடு காயும் பழமும் என்று நர்ஸ் சொன்னாள். நாள் முழுக்க என்றால் நடுவில் இறங்கியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். உச்சியக்கா யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கப்படாதவள்.

பார்க்க வந்த எஞ்சினியர், நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் மூக்கால் அழுதார். ஏறி இறங்க அரை மணி நேரம், கிரேன் நின்றால் எல்லாமே நிற்கும் என்றார். அதற்குள் மீசைக்காரரும் இறங்கி வந்து வாசலில் நின்றுகொண்டார். அவரைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது.

"கீழ இருக்கறவங்க பத்து மணிக்கு டீக்குப் போறாங்க, ரெண்டரைக்கும் போறாங்க. அப்ப எல்லாம் நிக்கத்தானே செய்யுது சார்? அந்த நேரத்துல நாங்க இறங்கறோம். நாங்களும் மனுஷங்கதானே."

எஞ்சினியர் ஒரு பேச்சுக்கு எதிர்த்துப் பார்த்தார். கிரேன் ஓட்டுநர் இருவரும் நகர்வதாகத் தெரியவில்லை. நர்ஸும் கைகட்டி நின்றாள். கடைசியில் டீ நேரத்தைப் பத்து நிமிஷம் நீட்டி, அரை மணியாக்கிப் பலகையில் எழுதிப் போட்டார். அதற்காகக் கொத்தனார்கள் உச்சியக்காவுக்குக் கைதட்டியது தனிக் கதை.

மூன்றாம் நாள் காலையில் குளியலறைக் கதவு ஐந்தே நிமிஷத்தில் திறந்தது. துண்டோடு நின்ற கணவர் வாயைப் பிளந்தார். வெளியே வந்தவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்குக்கூட அவர் பார்த்ததில்லையாம். அவளே போன் போட்டு நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் மருந்துக் கடையில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, "ரொம்ப சந்தோஷம் அண்ணி, ரொம்ப சந்தோஷம்" என்றாள். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறின ஏணியை இப்போது மூன்று தடவை ஏறினாள். முதல் வாரம் தொடை இரண்டும் கடுத்தன, வீட்டில் உட்காரும்போது அம்மா, அப்பா என்றெல்லாம் கூப்பிட்டாள். இரண்டாம் வாரம் மூச்சு வாங்குவது குறைந்தது. நகரமாட்டேன் என்று நின்ற முள் நகர ஆரம்பித்தது. நூற்றிரண்டு, நூற்றொன்றரை, நூற்றொன்று.

பரிசோதனை நாள் விடிந்தது. முந்தின நாள் முள் நூறரை காட்டியிருந்தது. அரைக் கரண்டியில் தொடங்கிய பொடி ஒரு கரண்டிக்கு வந்திருந்தது. அவள் அதை டம்ளரில் கலக்கிக்கொண்டிருந்தபோது கணவர் கையைப் பிடித்தார். அவருக்கும் பதற்றம்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் தண்ணி குடிக்காதம்மா. அரைக் கிலோ குறையும். பழைய பழக்கம்தானே உனக்கு."

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்காமல் போனால் கூண்டு நிச்சயம். குடித்துவிட்டுப் போனால் எப்படியோ. ஜன்னல் இல்லாத அந்தக் கிடங்கு கண்முன் வந்து நின்றது. ஏணியில் வலியோடு தொங்கின நாளும் வந்து நின்றது.

"தண்ணி இல்லாம கிடைக்கற கூண்டுல திரும்பவும் தண்ணி இல்லாமதான் உக்காரணும். எனக்கு வேண்டாம்ங்க" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். அதற்கு மேல் இன்னொரு டம்ளரும் குடித்தாள்.

முதலுதவி அறையில் எடைக்கருவி மேல் ஏறி நின்றாள். நூறு புள்ளி மூன்று.

விசில்காரரும் மீசைக்காரரும் வாசலில் நின்றிருந்தார்கள். உச்சியக்கா இறங்கி, செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"காலையில தண்ணி குடிச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ரெண்டு டம்ளர்."

"பாத்ரூம் போனீங்களா?"

"பத்து மணிக்குத்தானே டீ நேரம்."

நர்ஸ் பேனாவை மூடினாள். "நான் இன்னும் எதுவும் எழுதல. முதல்ல போயிட்டு வாங்க."

போனாள். வந்தாள். ஏறி நின்றாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. விசில்காரர் என்ன நினைத்தாரோ, அறைக்குள்ளேயே விசிலை நீளமாக ஊதினார், நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் உச்சியக்கா கூண்டில் இருந்தாள். இருக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், புதிதாக ஒரு கொக்கி அடித்துத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டாள். கீழே நாற்பது பேர் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

"கம்பிக்கட்ட மாட்டுங்க" என்றாள். "பத்து மணி வரைக்கும்தான் தூக்குவேன். அதுக்கப்புறம் எனக்கு வேலை இருக்கு."

எதிர்க்கிரேனில் மீசைக்காரர் தன் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். அதில் இருந்தது குடிதண்ணீர்தான்.