சாமைக் கொல்லையில் கட்டிவைத்த கரடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்கிற வெவஸ்தையே இல்லாமல் போய்விட்டது. ரெண்டு தும்மல் போட்டால் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு பிடிக்கிறார்கள். கரண்டு போனால் உசுரே போன மாதிரி வெளியே வந்து நிற்கிறார்கள். ஆனால் ஓடைக்கு அந்தாண்ட கரடி நிற்கிறது என்று ஒருத்தன் சொல்லட்டும், வூட்டுக்குள் ஓட வேண்டிய பயல்கள் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க ஓடுவார்கள். மாதையனுக்கு அதையாவது பொறுத்துக்கொள்ள முடிந்தது. கரடியைத் துணியில் தைத்து, பஞ்சு அடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி, பச்சைப் பிள்ளை பக்கத்தில் படுக்கப் போடுகிறவர்களைத்தான் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்படிச் செய்தது அவருடைய மருமகள் சசிகலா.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவர்கள் இருந்த குக்கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்கள் ரொம்பப் பேர் இல்லை. சசிகலா ஜமுனாமரத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். புருசன் ரஞ்சித் கூர்க் பக்கம் மிளகு பறிக்கப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டான். பொழுது போகாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எந்த ஊர்க்காரியோ ஒருத்தி கரடி பொம்மை தைப்பதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். விற்கவும் மாட்டாள். சந்தையில் ஒருத்தி கேட்டதற்குக்கூடத் தரவில்லை. மனசுக்குப் பிடிக்கிறது, செய்கிறேன் என்பாள்.

முதலில் கட்டைவிரல் உயரத்துக் கரடிகள்தான். பழைய வெல்வெட் ஜாக்கெட்டை வெட்டித் தைத்தவை. காது மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. கண்ணுக்குக் கறுப்பு மணி. கை, கால், தலை எல்லாம் திரும்பும். வயிற்றுக்குள் ஒரு சிட்டிகை சாமை போட்டு மூடுவாள். அந்தக் கனம் இருந்தால்தான் வைத்த இடத்தில் உட்காருமாம். அப்புறம் உள்ளங்கை அளவு, பூனை அளவு என்று வளர்ந்து வளர்ந்து, கடைசியில் பேத்தி காவியா உயரத்துக்கே ஒன்று கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் தோல், மாதையன் எத்தனையோ பனிக்காலம் போர்த்திய பழுப்புக் கம்பளி. அவரைக் கேட்காமலே வெட்டியிருந்தாள். உள்ளே இலவம்பஞ்சு. காவியா அதற்குக் குண்டன் என்று பேர் வைத்து, கூடவே சோறு தின்று, கூடவே தூங்கினாள்.

கம்பளி போனால் போகிறது. மாதையனைத் தூங்கவிடாமல் பண்ணியது வேறு. பலாப்பழக் காலம் ஆரம்பித்திருந்தது. ஓடையோரப் பலா மரத்தடியில் கரடி எச்சம் கிடந்ததை அவரே பார்த்தார், பலாக்கொட்டை முழுசு முழுசாக. அன்றைக்குச் சாயந்திரம் காவியா அவர் மடியில் ஏறிக்கொண்டு, காட்டுக் கரடி வந்தால் நம்ம குண்டனைக் காட்டலாமா, ரெண்டும் சேர்ந்து விளையாடுமா என்று கேட்டாள். மாதையன் தின்றுகொண்டிருந்த களியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஏனென்றால் கரடி விளையாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்த வூட்டிலேயே ஆள் இருந்தான். கருப்பன், மாதையனுக்குத் தம்பி முறை. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் புதருக்குள் இருந்த கரடியைக் கண்டு ஓடியவனை, அது துரத்தி வந்து ஒரே ஒரு அடிதான் அடித்தது. இடது கண் இல்லை, பாதி கன்னம் இல்லை. துண்டை முகத்தோடு சுற்றிக்கொண்டுதான் வெளியே வருவான். பேச்சு மட்டும் குறையவில்லை. சசிகலா தைப்பதைப் பார்த்துவிட்டு அவனும் ஒன்று கேட்டான்.

"எம் மூஞ்சியப் பிச்சவன எனக்கும் ஒண்ணு சின்னதா செஞ்சு குடும்மா. ஜோபில போட்டு வெச்சிக்கறேன். வேணும்ங்கறப்போ எடுத்து நசுக்கிக்கலாம்."

எவருக்கும் தராதவள் கருப்பனுக்கு மட்டும் ஒன்று தந்தாள். இவனுக்கே புத்தி இல்லை, குழந்தைக்கு எங்கிருந்து வரும் என்று மாதையன் தலையில் அடித்துக்கொண்டார்.

மருமகளிடம் சொல்லிப் பார்த்தார். கரடி என்றால் பயம் இருக்க வேண்டும், பயம் இருந்தால்தான் பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, நீ அதைத் தலைகாணி ஆக்கிவிட்டாய் என்றார்.

"பயந்தா ஓடும் மாமா. ஓடுனா அது தொரத்தும்," என்றாள் சசிகலா ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த வூட்டு சின்ன மாமா இன்னா பண்ணாரு? ஓடுனாரு."

அதற்கு அவள் வைத்திருந்த வைத்தியத்தையும் மாதையன் பார்த்திருந்தார். பாயில் ஒரு பக்கம் குண்டனை நிற்க வைப்பாள். எதிரில் காவியா. குண்டனைத் தூக்கி நிமிர்த்தினால் கரடி மோப்பம் பிடிக்கிறது என்று அர்த்தம். அப்போது கத்தக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, கரடி பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே மெல்ல நடக்க வேண்டும். காவியா சிரித்துக்கொண்டே பின்னால் நடந்து சுவரில் முட்டுவாள். மறுபடியும், மறுபடியும். சினிமா ஷூட்டிங் நடக்குது என்று மாதையன் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் குண்டனின் மூக்கு பிய்ந்து கிடந்தது. கழுவிக் காயட்டும் என்று வூட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தார்கள். நாய் கடித்திருக்கும் என்று சசிகலா மறுபடியும் தைக்க உட்கார்ந்தாள். மாதையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாய் என்றால் காதைக் கடிக்கும், காலை இழுக்கும். இங்கே மூக்கை மட்டும் தேடிப் பிடித்துச் சப்பியிருந்தது. மூக்கில் வைத்து மோந்தார். தேன் வாசம்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கம்பளியில் தடித்த நூல் சிக்காமல் ஏற வேண்டும், பிரியாமல் நிற்க வேண்டும் என்பதற்காக சசிகலா நூலை மெழுகில் இழுத்து இழுத்துத் தைப்பாள். கீழே டவுனில் இருக்கிறவர்கள் கடை மெழுகு வாங்குவார்கள். இவள் தேன் எடுக்கிறவர்களிடம் பிழிந்த அடையை வாங்கி, தானே காய்ச்சி உருண்டை பிடித்து வைத்திருந்தாள். எவ்வளவு காய்ச்சினாலும் தேனடையின் வாசம் போகுமா? மூக்குக்குத்தான் நூல் நிறைய. மூக்கு பூராவும் மெழுகு.

சொன்னால் கேட்கமாட்டாள், நாய்தான் என்பாள். அதனால் மாதையன் சொல்லவில்லை. மெழுகு உருண்டையை எடுத்து ஓடையில் வீசினார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, மூக்கு தைத்த குண்டனைக் கோணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய், காட்டோரத்தில் சாமை விதைத்திருந்த தன்னுடைய கொல்லையில் காவல் பரணுக்குக் கீழே தாம்புக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். எரித்துவிட்டால் பிள்ளை அழும். வூட்டில் இருந்தால் கரடி வரும். கொல்லை தூரம், சாமை இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது, அங்கே காவலுக்கும் ஆள் இல்லை. வந்தால் அங்கே வந்துவிட்டுப் போகட்டும். நல்ல யோசனை என்றுதான் அவருக்குப் பட்டது.

காவியா எழுந்ததும் குண்டன் எங்கே என்று அழ ஆரம்பித்தாள். வாயை மூட வைக்க, அவன் கொல்லைக்குக் காவலுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அழுகை நின்றது.

மத்தியானம் சசிகலா ரேஷன் கடையில் இருந்து திரும்பி வந்து, காவியா எங்கே மாமா என்று கேட்டபோது, மாதையன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வூட்டில் இருப்பாள் என்றார். பக்கத்து வூட்டில் இல்லை. ஓடையில் இல்லை. கோயில் புளியமரத்தடியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன, அங்கேயும் இல்லை. சசிகலா ஒவ்வொரு வாசலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். மாதையன் எங்கேயும் ஓடவில்லை. பிள்ளை எங்கே போயிருக்கும் என்று அந்த ஊரிலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

யாரிடமும் சொல்லாமல் தடியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பாதையில் இறங்கினார். கருப்பன் அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான். எங்கண்ணா போற என்று அவன் கேட்டதற்கும் நிற்காமல் நடந்தார். பாதையில் சின்னச் செருப்புத் தடம். அதற்கு மேல் வேறு தடம் இருக்கிறதா என்று பார்க்கப் பயந்து, பாராமலே நடந்தார். பாதி வழியில் ஒரு புற்றைக் கரடி கறையானுக்காகத் தோண்டிப் போட்டிருந்தது. மண் இன்னும் ஈரம் காயவில்லை. கருப்பன் அதைக் கண்டதும் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

கொல்லை மேட்டில் ஏறியதும் தெரிந்தது.

பரணுக்குக் கீழே கரடி. பின்னங்காலில் எழுந்து நின்று, தொங்குகிற குண்டனின் மூக்கை மோந்துகொண்டிருந்தது. கறுப்பு மயிரும் நெஞ்சில் வெள்ளைக் கோடுமாக அது அத்தனை பெரிசு. அதற்கும் மாதையனுக்கும் நடுவில், வரப்பின்மேல், காவியா. மஞ்சள் கவுன். கரடிக்கு அவ்வளவு கிட்டே.

மாதையனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயையும் திறந்துவிட்டார். கருப்பன் கை வந்து வாயைப் பொத்தியது.

"கத்தாதண்ணா," என்றான் காதோடு. "கத்துனா திரும்பும். மொதல்ல அந்தக் கொழந்ததான் அதுங் கண்ல படும்."

பொம்மையைப் பார்க்கத்தானே பிள்ளை வந்திருக்கிறது, இதோ குண்டா என்று ஓடப்போகிறது, ரெண்டும் விளையாடுமா என்று கேட்டதே, ஓடப்போகிறது என்று அவர் உயிர் போய்ப் போய் வந்தது.

காவியா ஓடவில்லை. ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அப்புறம் இன்னொரு கால். கரடி தலையைத் திருப்பி அவள் பக்கம் மூக்கை நீட்டியது. காவியா நின்றாள். கை ரெண்டும் கவுனைப் பிடித்திருந்தன. கரடி ஒரு தரம் உறுமியது. காவியா நின்றபடி நின்றாள். அது மறுபடியும் பொம்மைப் பக்கம் திரும்பி, நகத்தை மாட்டி ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டது. இலவம்பஞ்சு கொல்லை பூராவும் பறந்தது. பிள்ளை மறுபடியும் ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.

வரப்பு முடிகிற இடம் அவளுக்குத் தெரியவில்லை. குதிங்கால் தடுக்கித் தடுமாறினாள். விழுவதற்கு முன்னால் மாதையன் குனிந்தபடியே போய்ப் பிடித்து இழுத்துக்கொண்டார். பிள்ளை உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. மூன்று பேரும் முதுகைக் காட்டாமலே மேட்டைத் தாண்டினார்கள். தாண்டிய பிறகுதான் காவியா அழுதாள். குண்டனைப் பிய்த்துவிட்டது என்று அழுதாள்.

வூட்டு வாசலில் சசிகலா பிள்ளையை வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் குண்டனை அங்கே கட்டியது யார் என்று கேட்டாள். மாதையன் நாந்தான் என்றார். அதோடு விடவில்லை. உன் மெழுகுதான் அதை இழுத்தது, வூட்டுப் பின்னாலேயே வந்து ஒரு தரம் சப்பிவிட்டுப் போனது, நாய் நாய் என்று சொன்னாயே, இன்றைக்கு மூன்று பேரும் பார்த்தாயிற்று என்றார். கருப்பனும் ஆமாம் என்றான். சசிகலா மறுக்கவில்லை. உள்ளே போய் மெழுகு பூசிய நூல்கண்டை எல்லாம் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். இனிமேல் வெறும் நூல், இல்லாவிட்டால் மெழுகுவத்தி என்றாள். சின்னக் கரடிகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, வாசம் அடிப்பவற்றின் மூக்கைப் பிரித்தாள்.

மாதையன் அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் சாயந்திரமே அவள் பழைய போர்வை ஒன்றைப் பாயில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தரம் குண்டனை விடப் பெரிசு. மூக்கு நீளம், நெஞ்சில் வெள்ளைக் கோடு, நகம்கூட வைக்கப் போகிறாளாம். பார்த்த கரடி மாதிரியே வேண்டும் என்று காவியா கேட்டாளாம்.

"இன்னும் ஒனக்கு புத்தி வரலியா?" என்றார் மாதையன்.

"எம் பொண்ணு திரும்பி வந்துட்டா மாமா," என்றாள் சசிகலா. "ஓடாம வந்தா. அத யாரு சொல்லிக் குடுத்தது? நீங்க சொன்ன மாதிரி பயமுறுத்தி வளத்திருந்தா இன்னிக்கு இன்னா ஆயிருக்கும்? சின்ன மாமாவ கேளுங்க."

கருப்பன் வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். மாதையன் அவனைப் பார்த்தார். அவன் துண்டை லேசாக விலக்கிப் புகையை விட்டான்.

"நானும் ஓடாம இருந்திருக்கலாம்ணா," என்றான். "எனக்கு யாரும் பொம்ம வெச்சி காட்டல."

மாதையனுக்கு அது ஏறவில்லை. கரடிக்குத் தேன் மேல் ஆசை, பொம்மை மேல் கண் இருந்தது, பிள்ளை மேல் இல்லை. அவ்வளவுதான். அன்றைக்குப் பசி வேறு மாதிரி இருந்திருந்தால்? குட்டி கூட இருந்திருந்தால்? பிள்ளை பின்னால் நடந்ததா, பயத்தில் கால் வராமல் நின்றதா, அதை யார் கண்டார்கள்? எதிர்த்துப் பேச வாய் வரைக்கும் நிறைய வந்தது. பாயில் காவியா போர்வையின் ஒரு முனையை இழுத்துப் பிடித்து, கோடு கோணாமல் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையில் சாமைக் கொல்லை மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"பொண்ணுக்கு சொல்லிக் குடுத்துட்ட, சரி," என்றார். "கரடிக்கு எவன் சொல்லிக் குடுப்பான்?"

சசிகலா கத்தரிக்கோலை எடுத்தாள். துணி வெட்டுகிற சத்தம் கேட்டது. மாதையன் தடியை ஊன்றி எழுந்து, இதெல்லாம் ஆவாத வேலை, ஆவாத வேலை என்று முணுமுணுத்தபடி வாசலைத் தாண்டி நடந்தார்.