பாறை இல்லாத இரங்கல்

இப்போதெல்லாம் செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளாகத்தான் சாகிறார்கள். காலையில் பேப்பரைப் பிரித்தால் நாலு பக்கம் இரங்கல். சொந்தக்காரனும் கூட வேலை செய்தவனும் எழுதி அனுப்புவது, அடக்கத்தன்று அச்சில் வரும். முன்பு அதைப் படித்தால் ஆள் கண்ணுக்குத் தெரிவான். ஆடு திருடினவனை யாரும் திருடன் என்று எழுதமாட்டார்கள். 'அவன் மந்தை வருஷத்துக்கு வருஷம் பெருகியது' என்று எழுதுவார்கள், ஊருக்கே புரியும். இப்போது எல்லோருக்கும் 'இயற்கையின் மேல் தீராத காதல்'. எல்லோரும் 'அன்பே உருவானவர்'. போன மாதம் போன மளிகைக்கடைக்காரன் ஒரு குழந்தைக்கு ஒரு மிட்டாய் சும்மா தந்தவனில்லை. அவனும் அன்பே உருவானவனாம். கம்ப்யூட்டரில் போட்டுத் துவைத்து அனுப்புகிறார்கள்.

எனக்கும் எழுத வராது. பதிமூன்று வயதில் மீன்பிடிப் படகில் ஏறியவன். ஆனால் கிரீமுர் செத்துப்போனான். அவன் தலைவனாக இருந்த படகில் பதினெட்டு வருஷம் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை அடக்கம். வியாழன் பன்னிரண்டு மணிக்குள் பேப்பருக்குப் போய்ச்சேர வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று தாள் எழுதினேன்.

வியாழன் காலை தம்பி மகள் ஹுக்ரூன் வந்தாள். தாள்களைப் போனில் படம் பிடித்தாள். மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். நான் காபி ஊற்றி முடிப்பதற்குள், "ஆச்சு பெரியப்பா" என்றாள்.

"என்ன ஆச்சு? இன்னும் நீ படிக்கவே இல்லையே."

"திருத்துற மென்பொருள்ல போட்டேன். அதுவே படிச்சு, அதுவே சரி பண்ணிடும். எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் இதுதான். கேளுங்க."

படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. கிரீமுர் புயலில் வலை இழுத்தது, கடைசி வருஷங்களில் பொறுமையாக நோயைத் தாங்கியது எல்லாம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் சந்தேகம் தட்டியது. நான் எழுதினதைக் கேட்டு நானே அழுகிறேன் என்றால் இதில் ஏதோ களவு நடந்திருக்கிறது.

"மறுபடி படி."

"'கடலின் மேல் தீராத காதல் கொண்டவர்...'"

"அவனுக்குக் கடலைக் கண்டாலே ஆகாதும்மா! வேற பிழைப்பு இல்லாமப் போனான். சரி, அது கிடக்கட்டும். பாறை எங்க?"

"எந்தப் பாறை?"

"ரெண்டாவது தாள் முழுக்கப் பாறைதானே எழுதினேன்!"

அவள் திரையை உருட்டினாள். ஓரத்தில் சிவப்பாக ஒரு குறிப்பு இருந்தது. வாசித்துக் காட்டினாள்: "'இப்பகுதி மறைந்தவரைப் பற்றியதாக இல்லை, எழுதுபவரைப் பற்றியதாக உள்ளது. நீக்கினால் எழுத்து மேம்படும்.' மூவாயிரம் எழுத்துதான் பேப்பர்ல விடுவாங்க பெரியப்பா. நான் எல்லாத்துக்கும் சரின்னு அழுத்திட்டேன்."

"சரி, இப்ப அந்தத் தாளைப் படி."

என் கோழிக்கிறுக்கலை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாதியில் சத்தம் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான்: கிரீமுர் சுக்கான் பிடித்தபடி தூங்கிப்போய், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைகிற ஃபியோர்டின் வாயில் படகைப் பாறையில் ஏற்றினான். ஐந்து பேரும் ரப்பர் தோணியில் கரை சேர்ந்தோம், படகு போய்விட்டது. அவனுடைய படகோட்டும் உரிமத்தைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு சாகிறவரை அவன் பேர் 'பாறை கிரீமுர்'. மீன் தலை காயப்போடும் கொட்டகையில் வேலை பார்த்து முடித்தான்.

நான் எழுதியிருந்தது வேறு. சுக்கான் பிடித்திருந்தது நான். தூங்கினதும் நான். கிரீமுர் கீழே படுக்கையில் இருந்தான். கரையேறியதும், "உனக்கு வீட்ல மூணு பிள்ளைங்கடா. நான் பாத்துக்கறேன், நீ வாயைத் திறக்காதே" என்றான். விசாரணையில் தூங்கினது தான்தான் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

"சின்ன வயசுல நானும் அவரைப் பாறைன்னு கூப்பிட்டிருக்கேன்" என்றாள் ஹுக்ரூன்.

"எல்லாரும்தான் கூப்பிட்டாங்க. அவன் மகன் பார்துரைப் பள்ளிக்கூடத்துல என்ன பாடு படுத்தினாங்க! ஊரை விட்டே போனான். அடக்கத்துக்கு இப்ப வந்திருக்கான். அவனுக்குத் தெரியணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்ததை எழுதினேன். முதலில் படித்தது அந்த மென்பொருள். வேண்டாத சமாசாரம் என்று தூக்கிப் போட்டுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இப்படியே அனுப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்? கம்ப்யூட்டர் எடுத்தது, நான் என்ன செய்ய? இந்தச் சாமான்மேல் எனக்கு வந்த பயமே அதுதான். மனுஷனுக்கு எது சௌகரியம் என்று அது தெரிந்து வைத்திருக்கிறது.

"திரும்பப் போடு" என்றேன்.

"போட்டா நீளம் தாண்டுது. கொஞ்சம் சுருக்கச் சொல்றேன்." தட்டினாள். வாசித்தாள். "'அன்று கடலில் நடந்ததற்கு ஒருவகையில் நாங்கள் அனைவருமே பொறுப்பு.'"

"அனைவருமா? சமையல்காரன் கீழ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தான். அவன் என்ன பண்ணினான் பாவம்? உருளைக்கிழங்கைப் பாறையில மோதினானா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மரியாதையா சொல்லுது பெரியப்பா."

"யாருக்கு மரியாதை? புயல், வலை, நோய், எல்லாத்தையும் எடு. பாறை மட்டும் போதும். நான் எழுதின மாதிரியே டைப் அடி. எழுத்துப்பிழை இருந்தா இருக்கட்டும்."

"முழுசுமே படகு மோதின கதையா இருக்கும். இரங்கல் மாதிரியே இருக்காது."

"இருக்க வேண்டாம்."

அடித்தாள். மணி பதினொன்றே முக்கால். கடைசியில், "இதை மட்டும் பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். "படகு போன வருஷத்தை ஒரு இடத்துல தொண்ணூத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க, இன்னொரு இடத்துல தொண்ணூத்திரெண்டு. எது சரின்னு கேக்குது."

யோசித்துப் பார்த்தேன். என் கடைசி மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் அது. தொண்ணூற்றிரண்டுதான்.

"பாத்தீங்களா? இது இல்லேன்னா தப்பா அச்சாகியிருக்கும்."

"வருஷம் தப்பா இருந்தா யாரும் சாகமாட்டாங்க. அனுப்பு."

அனுப்பினாள். நான் எழுந்து கோட்டை மாட்டினேன். சனிக்கிழமை காலையில் பேப்பரைப் பார்த்து பார்துர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவன் அம்மா வீட்டில்தான் இருக்கிறான், பத்து நிமிஷ நடை.

"அவர்கிட்டயா போறீங்க? எப்படி ஆரம்பிக்கிறதுன்னு இதுகிட்ட கேக்கவா? மனசு நோகாம சொல்லிக் கொடுக்கும்" என்றாள் ஹுக்ரூன். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"நோகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே அவள் விரல்கள் இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. பேப்பருக்குப் போனது நான் சொன்னதுதானா, இல்லை அனுப்புகிற வழியிலேயே அது மறுபடி கைவைத்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை அச்சில் பார்க்கிறவரை நம்பமாட்டேன். பார்த்த பிறகும் சந்தேகம்தான். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.