முன்வரிசைக் கழுதைக்கு ஒரு மெட்டு

எழுபதுகளில் மொட்டைக்கத்தி என்ற புனைபெயரில் ஊரையே வைது தீர்த்த கவிஞர் பெரியநாயகம், தன் கவிதையைத் தானே திருடுவதற்காக ஈப்போ நகரில் ஒரு நூலகத்துக்குள் நுழைந்தார்.

செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அந்தக் காலத்தில் அவர் அளவுக்கு முடி வளர்த்தவர் யாருமில்லை. துரை, கணக்கெழுதும் கிராணி, சாமி, கல்யாணம் என்று ஒன்றையும் விடாமல் திட்டி எழுதினார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் அவருக்கு ஒரு கட்டில் காத்திருப்பதாகத் தோட்டமே பேசிக்கொண்டது. இப்போது தலை வழுக்கை. அவர் கவிதைகளை ஆவணமாகப் பாதுகாக்க நூலகத்தார் கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கடியில் கவிதைத் தாள்களோடு கிடந்த பிஸ்கட் டின்னை அப்படியே கொடுத்துவிடும்படி மனைவி பெட்ரீசியாவிடம் சொல்லிவிட்டார்.

கவிதைக் கண்காட்சியின் திறப்பு விழாவன்று காலை பசியாறும்போதுதான் அந்தக் கவிதை ஞாபகம் வந்தது.

"செமோர்க் கோயில் முன்வரிசையில் ஒரு கழுதை
அது அல்லேலூயா பாடினால் ஆண்டவரே காதைப் பொத்துவார்."

பாடகர் குழுவில் நீலக் கவுன் போட்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து எழுதியது. அப்போது பேர்கூடத் தெரியாது. பிறகு அவளையேதான் கட்டிக்கொண்டார். பெட்ரீசியா கண்ணில் படுவதற்குள் அதை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் இந்த வயதில் குடும்பம் நாறிவிடும்.

கவிதைகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் தினேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கழுதையை எடுத்துச் சட்டைக்குள் செருகினார். தாள் மொடமொடத்தது.

"அங்கிள், சட்டைக்குள்ள என்னா?"

"நெஞ்சு வலி லா."

"நெஞ்சு வலிச்சா பேப்பர் சத்தமா வரும்? குடுங்க. ஆன்ட்டி அதத்தான் நடுவுல வைக்கச் சொன்னாங்க."

பெரியநாயகத்துக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

வாசலில் பெட்ரீசியா நின்றாள். நீலச் சேலை. பின்னால் கிட்டாரோடு கோயில் பாடகர் குழு.

"கல்யாணமான மறுவாரமே படிச்சிட்டேங்க. இத்தன வருசமா மெட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

பாடினாள். அல்லேலூயாவில் ஏறியபோது கண்ணாடிப் பெட்டியே அதிர்ந்தது. கவிதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று பெரியநாயகம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. மொட்டைக்கத்தியின் எந்தக் கவிதைக்கும் யாரும் அப்படித் தட்டியதில்லை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, "இன்னொரு தடவ!" என்று முதலில் கத்தியவரே அவர்தான்.

வீடு திரும்பக் காரில் ஏறும்போது பெட்ரீசியா சொன்னாள்:

"அடுத்த வாரம் கமுந்திங்ல பாடக் கூப்பிட்டிருக்காங்க. நீங்கதான் காரு ஓட்டணும். முன்வரிசைல உங்களுக்கு எடம் சொல்லிட்டேன்."