பெயர் கொடுத்ததற்கு ஐம்பது பவுண்டு

எங்கள் ஊரில் பெண்கள் கருப்பையை எடுத்த கதையைப் பஸ் நிறுத்தத்தில் நின்று விலாவாரியாகச் சொல்வார்கள். கிரெடிட் கார்டில் எவ்வளவு கடன் என்று கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். கட்டிய புருஷனுக்கே தெரியாது. இங்கிலாந்தில் எங்கள் பார்ன்ஸ்லிக்காரர்களின் மானம் அப்படி. அந்த மானம் பாதி, நோரீனின் ஐம்பது பவுண்டு ஆசை பாதி என்று சேர்ந்துதான் அவ்ரிலைக் கவிழ்த்தன.

இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள். ஒருத்தி உருளைக்கிழங்கு மசித்தால் இன்னொருத்தி குழம்பு ஊற்றுவாள். நகமும் சதையும்தான்.

அந்த வருஷம் ஊர் முழுக்க இன்சூரன்ஸ் பேச்சு. கார்டு கொடுக்கும்போதே, வேலை போனாலும் படுக்கையில் விழுந்தாலும் தவணையை நாங்கள் கட்டுவோம் என்று சொல்லி, கேட்டவர் கேட்காதவர் எல்லார் தலையிலும் பாங்குகள் ஓர் இன்சூரன்ஸைக் கட்டியிருந்தன. அவ்ரிலுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முதுகுவலி. அவளிடம் விற்றது, பழைய முதுகுவலிக்கு ஒரு காசும் தராத இன்சூரன்ஸ். இப்படி ஏமாற்றி விற்றதையெல்லாம் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்ததும், நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று கம்பெனிகள் ஈசல் மாதிரி கிளம்பின. சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கும்.

நோரீன் முதலில் கையெழுத்துப் போட்டாள். அவள் கார்டுக் கடன் எப்போதோ அடைந்திருந்தது. அதனால் பாங்கிலிருந்து செக் நேரே வீட்டுக்கு வந்தது. கம்பெனிக்குப் பங்கு கொடுத்த பிறகும் நல்ல தொகை மிஞ்சியது. கம்பெனிப் பையன் கைரன் போனில் தேனாகப் பேசினான்.

"உங்க ஃபிரண்ட்ஸ் யாராச்சும் இருந்தா பேரும் நம்பரும் குடுங்கம்மா. அவங்க சேந்தா உங்களுக்கு அம்பது பவுண்டு கூப்பன்."

நோரீன் அவ்ரிலின் நம்பரைக் கொடுத்தாள். தோழிக்கும் நல்லது நடக்கட்டும் என்றுதான் நினைத்தாள். கூப்பனையும் நினைத்தாள். இரண்டில் எதை முதலில் நினைத்தாள் என்பதுதான் பிற்பாடு அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் அவ்ரில் கிழங்கு மசித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, மான்செஸ்டர்லேருந்து ஒருத்தன் போன் மேல போன் போடுறான். என் நம்பர் அவனுக்கு எப்படித்தான் கெடச்சுதோ. திருட்டுப் பயலா?"

"நல்ல பையன்டி. எனக்கு செக் வந்துச்சுல்ல? கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடு."

"என் நிலைமை வேற, நோரீன்."

"என்ன வேற? நீ என்ன மகாராணியா?"

அவ்ரில் சிரித்துவிட்டு மறுபடி மசிக்க ஆரம்பித்தாள். என்ன நிலைமை என்று நோரீன் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்குமேல் கேட்பது அநாகரிகம். நம்பர் கொடுத்தது யார் என்று நோரீனும் சொல்லவில்லை. அவ்ரில் கையெழுத்துப் போட்டாள். நோரீனுக்குக் கூப்பன் வந்தது. அதில் கிறிஸ்துமஸுக்கு நல்ல மாட்டிறைச்சித் துண்டு ஒன்று வாங்கினாள்.

அவ்ரிலின் கேஸ் ஜெயித்தது. இரண்டாயிரத்து நூறு பவுண்டு. ஆனால் அவ்ரில் ஒரு வருஷமாகக் கார்டுத் தவணையே கட்டவில்லை. யாருக்கும் தெரியாது. பாங்க் அந்தப் பணம் முழுவதையும் அவள் கடனில் கழித்துக்கொண்டது. கைக்கு ஒரு பென்னி வரவில்லை. கம்பெனிக்கோ ஜெயித்த தொகையில் பங்கு. அது யார் கைக்குப் போனால் அவர்களுக்கென்ன? வரியோடு சேர்த்து எழுநூற்று ஐம்பத்தாறு பவுண்டு, உடனே கட்டு என்றார்கள். அதே கைரன்தான் போன் செய்தான். இந்தத் தடவை குரலில் தேன் இல்லை.

அவ்ரில் பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்து வர ஆரம்பித்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து வந்தவளை நோரீன் ஒருநாள் கோட்டு மாட்டும் இடத்தில் மடக்கி, பிடுங்கிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

சனிக்கிழமை நோரீன் சர்ச் ஹாலுக்குப் போனாள். அங்கே இலவசமாக ஆலோசனை சொல்லும் பெண்மணி கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"பாங்குக்கு அவங்களே எழுதியிருக்கலாமேம்மா. ஸ்டாம்பு செலவோட போயிருக்கும். கடனாவது கொறஞ்சிருக்கும், கம்பெனிக்காரனுக்கு அழுதிருக்க வேணாம்."

தின்ற இறைச்சி ஆறு மாசம் கழித்து நெஞ்சில் நின்றது என்று நோரீன் என்னிடம் சொன்னாள். நிற்காதா பின்னே? தன் செக்கில் மிச்சமிருந்த முந்நூறு பவுண்டை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம் அவ்ரில் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனாள்.

அவ்ரில் டீ போட்டாள். கவரை மேஜையில் வைத்ததும் திருப்பித் தள்ளினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கையெழுத்துப் போட்டது நான். உன் காசு எனக்கு எதுக்கு? எடுத்து உள்ள வைடி."

"இல்லடி, நான்தானே போடச் சொன்னேன்."

"நல்லதுன்னு நெனச்சு சொன்ன. கிணத்துலயா தள்ளிவிட்ட?" அவ்ரில் பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். "நேத்துகூட அந்தப் பய போன் பண்ணான். யாராச்சும் ஒருத்தரோட பேரக் குடு, பில்லுல அம்பது பவுண்டு கழிச்சுக்கிறேங்கிறான். நானும் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன், நோரீன். அப்படிக் குடுக்கற அளவுக்கு எனக்குப் புடிக்காதவங்க ஊர்ல ஒருத்தர்கூட இல்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நோரீனுக்கு முகம் எரிந்தது. இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். அவ்ரிலுக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை.

"நான் குடுத்தேன்," என்றாள் நோரீன்.

"எத?"

"உன் பேர. நம்பர. அம்பது பவுண்டு கூப்பனுக்கு."

அவ்ரில் கோபப்படவில்லை, அழவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு நோரீனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கவரை எடுத்தாள். உள்ளே இருந்ததை மேஜைமேல் வைத்து எண்ணினாள்.

"சரியா இருக்கு," என்று சொல்லித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.