மழைக்காட்டில் ஒரு மச்சான்

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இதுதான் முதல் முறை. பிள்ளைகளை வடலூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, புருஷன் செல்வனோடு இரண்டு நாள் தனியாக இருக்கச் சந்திரலேகா கிளம்பியிருந்தாள். அந்த இரண்டு நாளுக்காகப் பள்ளிக்கூடத்தில் கெஞ்சி லீவு வாங்கியிருந்தாள்.

"மழைக்காட்டு ரிசார்ட்" என்று செல்வன் சொன்னபோது அவள் வால்பாறையை நினைத்தாள். கார் கீரப்பாளையத்திலிருந்து புறப்பட்டு, சிதம்பரம் தாண்டி, கடல் பக்கம் திரும்பி, முக்கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

வாசலில் சிமெண்டால் செய்த மரம். அதில் பிளாஸ்டிக் கொடி. எங்கோ ஒரு ஸ்பீக்கரில் குரங்கு கத்தியது. பின்னால் உப்பங்கழியும் சுரபுன்னைப் புதரும் சேற்று வாடை அடித்துக்கொண்டிருந்தன.

"இதான் மழைக்காடா?"

"நெட்ல அப்படித்தான் போட்டிருந்தான்."

"நெட்ல போட்டா நம்ம கொல்லையகூட காடுன்னு நம்புவீங்க."

வரவேற்பில் இருந்தவன் வெட்டிவேர் மாலையைப் போட்டுவிட்டு, "எந்த ஊரு சார்?" என்று கேட்டான்.

சிதம்பரம் என்று சொல்லி முடித்திருக்கலாம். செல்வனால் முடியாது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரனிடமும் தாத்தா பேர்வரைக்கும் ஒப்பிக்கிறவன்.

"கீரப்பாளையம். பூர்வீகம் காட்டுமன்னார்கோயில். ரைஸ்மில் சுப்பராயலு மவன்."

சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அட! நான் சௌந்தரத்தோட மவன் கார்த்திகேசன். எங்கம்மா ஒங்கப்பாவுக்குத் தங்கச்சி மொற. மச்சான்!"

ஆண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். அடுத்த நிமிடமே கார்த்திகேசன் போனை எடுத்துவிட்டான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் மச்சான், நண்டு வாங்க ஆள் போயாச்சு. நாலு தெரு தள்ளி வீடு இருக்கச்சே ரூம்ல தங்குவாங்களா? புள்ளைங்களையும் கூட்டியாரச் சொல்லுங்க. தங்கச்சி, நீ அம்மாவோட படுத்துக்க. நாங்க மாடியில."

செல்வன் சிரித்தான். மறுக்கத் தெரியாதவனின் பெருமைச் சிரிப்பு. பதினோரு வருடமாக அவளுடைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்த சிரிப்பு.

அவள் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க போய் நண்டு தின்னுங்க. நான் வடலூர் போறேன்."

"லேகா, அவுங்க ஆசையா..."

"ஒங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு? ஒரு பந்தியும் பந்திக்கு நாலு ஆளும் இருந்தா போதும்."

குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. சண்டை போடுகிற லேகாவை அவனுக்குத் தெரியும். இவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"மச்சான்..." என்றான் செல்வன். "நாங்க வரல. இங்கதான் தங்கறோம்."

"அம்மா கோச்சிக்கும்."

"கோச்சிக்கட்டும்."

"ஒங்கப்பாவுக்குப் போன் போயிடும் மச்சான்."

"போவட்டும். குடில் சாவியக் குடு."

சிமெண்ட் மரத்தடியில் அவளைப் பிடித்தான். வியர்த்திருந்தான். பெரிய வீரனாம். ஒரு அத்தைச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல இவனுக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

"வா" என்றான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. 'அப்பா' என்றது திரை. அவன் அவளைப் பார்த்தான். போனை அணைத்தான்.

"அணைச்சா போதாது" என்று சந்திரலேகா கையை நீட்டினாள். போனை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் பெட்டியைக் குடில் பக்கம் திருப்பினாள்.