சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பதிவான பாட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வார இதழ் ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது ஒரு கொலைக் கதை. அதை யோசித்தபடி பேர்லின் நொய்கெல்னில் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் பீலிக்ஸ் ஒரு பழைய கசற் நாடாவைப் போட்டார். அதிரும் டிரம்ஸ், அதன் மேல் துணி கிழிவதுபோல ஒரு கிற்றார், அதற்கும் மேலே தமிழில் ஒரு பெண் குரல். எல்லாவற்றுக்கும் அடியில், பூனைகள் கூட்டமாக ஓடுவதுபோல ஏதோ ஒன்று.

"அது என்ன சத்தம்?"

"அதோ? அது றோசம்மா மாமி."

கொலையை உறைந்த மீன் பெட்டிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

2

இப்படித் தொடங்கினேன்: "1995. டோர்ட்மண்ட் நகரின் மேல் சாம்பல் மேகங்கள்..."

[அடித்துவிட்டேன். மேகத்துக்கு இதில் வேலை இல்லை.]

"அவள் பாடியபோது ஜெர்மனியே திரும்பிப்..."

[பொய். ஜெர்மனி வேலைக்குப் போயிருந்தது.]

சரி, நேராகவே சொல்கிறேன். 1995, டோர்ட்மண்ட், மூன்று பேர். கிறிஸ்ரினா பாடுவாள், பேஸ் கிற்றாரும் வாசிப்பாள். டிரம்ஸ் அவள் தம்பி பென்ஜமின். கிற்றார், நம் கடைக்காரர் பீலிக்ஸ், அப்போது இளைஞர். குழுவின் பெயர் 'பனியில் செருப்பு'. இரண்டு குடும்பங்களும் இந்த நாட்டில் வந்து இறங்கிய கோலம் அது. பாட்டும் இரைச்சலும் சொந்தம். பின்னால் எந்தக் கம்பனியும் இல்லை.

பழக இடம் தந்தது தேவாலய மண்டபம். பதிலுக்கு அங்கே நடக்கும் பிறந்தநாளிலும், பெண் பெரியவளான சாமத்தியவீட்டிலும் கடைசியில் சனம் ஆடுவதற்குப் பைலா வாசிக்கவேண்டும். பைலாவுக்கு ஒரே சட்டம்தான்: ஆடுகிறவர்களின் கால் நிற்கும்வரை தாளம் நிற்கக்கூடாது. நின்றால் சனம் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடும். பென்ஜமின் கால்களைப் பார்த்தே வாசித்துப் பழகியவன்.

இளைஞர் மன்றப் போட்டியில் அந்தப் பழக்கம்தான் வென்றது. மற்றக் குழுக்கள் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தித் தண்ணீர் குடித்தன. பென்ஜமினுக்கோ எதிரே ஜெர்மன் பிள்ளைகளின் கால்கள் துள்ளுவது தெரிந்தது. எப்படி நிறுத்துவான்? மூன்று பாட்டும் ஒன்றாகிவிட்டன. பரிசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ரூடியோ.

3

மறுநாள் திங்கள் கிறிஸ்ரினா பீலெஃபெல்ட் நகரில் தாதிப் பயிற்சியில் சேரவேண்டும். அந்த ஞாயிறு வீணானால் பாட்டும் இல்லை, குழுவும் இல்லை.

ஒலிப்பதிவாளர் ஊவே. [இவரை வில்லனாக்க மூன்று பக்கம் பாடுபட்டேன். மீசை வைத்துப் பார்த்தேன். மனிதர் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்.] முதலில் டிரம்ஸ் தனியாக, மற்றவை பிறகு என்பது அவர் முறை. பென்ஜமினைக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதில் 'டிக் டிக்' என்று கணக்குச் சத்தம் ஓடவிட்டார். பென்ஜமின் அடித்தான், முந்தினான், நிறுத்தினான். திரும்பவும். திரும்பவும்.

"என்னடா பிழை?" என்றாள் கிறிஸ்ரினா.

"அக்கா, ஒருத்தரும் ஆடேல்லை."

"ஸ்ரூடியோவிலை ஆரடா ஆடுறது?"

"அப்ப ஆரின்ரை காலைப் பாத்து அடிக்க?"

"ஊவேயின்ரையைப் பார்."

"அது மேசைக்குக் கீழை நித்திரை மச்சான்," என்றார் பீலிக்ஸ்.

மத்தியானம் ஆகியும் ஒரு பாட்டுத் தேறவில்லை. கிறிஸ்ரினா சுவரோரம் தரையில் இருந்துவிட்டாள்.

"நாளைக்கு நான் போறன். நீங்கள் ரெண்டு பேரும் பகிடி விட்டுக்கொண்டு இருங்கோ."

[இங்கே ஒரு கண்ணீர்ப் பத்தி இருந்தது. அதற்குள் யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள்.]

4

பூசை முடிந்து றோசம்மா மாமி வந்திருந்தார், கையில் மீன் றோல்ஸ் பெட்டியோடு. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. மண்டபச் சாவி அவரிடம்தான். பின்னால் குழுவின் பெண்கள் நால்வர்.

"என்ன, செத்தவீடு மாதிரி இருக்கிறியள்?"

பென்ஜமின் முறையிட்டான்.

"கால்தானே வேணும்? இஞ்சை பத்துக் கால் நிக்குது. அடியடா!"

ஊவே பதறி எழுந்தார். கிறிஸ்ரினா மொழிபெயர்த்தாள்: "மாமி, சப்பாத்துச் சத்தம் பதிவாகிப்போகுமாம்."

"எந்தச் சப்பாத்து? வாசலைப் போய்ப் பாக்கச் சொல்லு."

ஊவே எட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே குளிர்காலச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. பெண்கள் எல்லோரும் காலுறையோடு நின்றார்கள், யாரோ வீட்டுக்கு வந்ததுபோல. எத்தனையோ குழுக்கள் வந்துபோன ஸ்ரூடியோ அது. ஒருவரும் அதன் வாசலில் சப்பாத்துக் கழற்றியதில்லை.

ஊவே டிக் டிக்கை நிறுத்தினார். கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார். எல்லோரும் ஒன்றாக வாசியுங்கள் என்றார்.

5

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமி முதல் அடி வைத்தார். பென்ஜமினின் கண் அந்தக் காலுறைகளில் விழுந்தது. பிறகு தாளம் பிசகவே இல்லை. மூன்று பாட்டும் ஒரே ஓட்டம். கிறிஸ்ரினா மறுநாள் ரயிலை மறந்து பாடினாள். [இல்லை. அந்த ரயிலையும் சேர்த்துப் பாடினாள்.] மூன்றாவது பாட்டில் ஊவேயும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆடப்போனார். அதனால் நாடா தீர்ந்து வெறும் சுருள் சுற்றியதை யாரும் கவனிக்கவில்லை.

பாட்டு நடுத் தாளத்தில் அறுந்துபோயிருந்தது. கடைசியை மெல்லத் தேயவிட்டுச் சரிசெய்யலாம் என்றார் ஊவே. பீலெஃபெல்டிலிருந்து தொலைபேசியில் கிறிஸ்ரினா பீலிக்ஸிடம் சொன்னாள்: "ஏலாது எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே விடட்டும்."

அப்படியே கசற் வந்தது. மாணவர் வானொலி ஒன்று வாரம் முழுக்கப் போட்டது. அறுந்த இடத்தில் நேயர்கள் அழைத்து, "மிச்சம் எங்கே?" என்று சண்டை பிடித்தார்களாம்.

6

முடிவு வேண்டும். பெரிய கம்பனி காரில் வந்து இறங்குவதாக ஒன்று எழுதினேன், பீலிக்ஸ் சிரித்தார். கிறிஸ்ரினா படிப்பை விட்டுவிடுவதாக ஒன்று, "உதைப்பாள்," என்றார். அவள் தாதியானாள், சனிக்கிழமைகளில் குழுவோடு மேடையும் ஏறினாள்.

"நாடா முடிஞ்ச பிறகும் அடிச்சனாங்கள்," என்றார் பீலிக்ஸ். "பென்ஜமினின்ரை தடி முறிஞ்சுதான் நிண்டது. மாமி வந்து கேட்டா, ஏன்ரா நிப்பாட்டினனீ, கால் நிண்டதோ எண்டு."

"பென்ஜமின் என்ன சொன்னார்?"

கடைக்கு ஆள் வந்துவிட்டது. பீலிக்ஸ் மீன் நிறுக்கப் போய்விட்டார்.

பென்ஜமினின் பதில் நாடாவில் இல்லை, என்னிடமும் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் சப்பாத்தைக் கழற்றிவிடுங்கள்.