அக்கா காத்திருந்த குறுஞ்செய்தி

ஆபத்து எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு ஆள் சேர்க்கும் வேலை, நகராட்சி எழுத்தரான அவள் தலையில்தான் விழுந்தது. இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி ஆயிரத்து நூற்று நாற்பது எண்களைப் பதிந்தாள். முதல் எண் ஆற்றோரத் தெருவில் தனியாக இருந்த அக்காவுடையது. அக்காவுக்கு முழங்கால் வலி, நாலு எட்டு வைக்கவே நேரமாகும்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிப் பயமுறுத்துவாங்க. கண்டுக்காத. மெசேஜ் வந்தா மட்டும் கிளம்பு."

"நீ சொன்னா சரிடி," என்றாள் அக்கா.

புயல் காலையிலேயே கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிற்பகல் இரண்டு மணிக்கு, அணையைத் திறக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அலுவலகத்தில் ஜெனரேட்டர் ஓடியது. செய்தியை அவளே அனுப்பினாள். 'அனுப்பப்பட்டது' என்று திரை காட்டியது. மனசு கேட்காமல் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். லைன் போகவில்லை. ஆற்றோரத்து டவரின் பேட்டரி பதினோரு மணிக்கே தீர்ந்துபோனது அப்போதுதான் தெரிந்தது.

"சார், மைக் கட்டி ஒரு வண்டி அனுப்புங்க."

"அதான் மெசேஜ் போயிடுச்சேம்மா," என்றார் மேலதிகாரி.

அவள் ஓடினாள். தெருமுனையை அடைவதற்குள் தண்ணீர் மார்பளவு. நாலு பேர் சேர்ந்து அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, எதிர்வீட்டுத் தையல்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ரேடியோவுல கேட்டுட்டு நான் போய்க் கதவைத் தட்டினேம்மா. தூக்கிட்டே போறேன்னேன். 'என் தங்கச்சி ஆபீஸ்ல இருக்கா, எனக்கு வராம இருக்குமா, வந்ததும் கிளம்பறேன்'னு போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க."

இதை இவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மேலதிகாரி அறிக்கையை நீட்டினார். பதிந்தவர்கள் 1140. அனுப்பியது 1140. நூற்றுக்கு நூறு.

"போய்ச் சேர்ந்தது எத்தனைன்னு எங்க சார் எழுதறது?"

"அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையேம்மா. கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நீயே நொந்து போயிருக்கே."

அவள் ஓரத்தில் கோடு கிழித்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். 'தெரியாது. ஒருவருக்குச் சேரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவர் கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இன்னொரு பிரதியை எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார். அந்த ஆள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.